நாக்கு உலராத மாத்திரை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, புக்கித்திங்கி நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். கோத்தோ குலத்தின் தலைவர் டத்துக் சினாரோ, வயது அறுபத்தேழு. அவருடைய தங்கை மகள் தெஸ்மாவித்தா, வீட்டில் வித்தா, பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன டாக்டர் உல்ஃபா. கதவுக்கு வெளியே ஒரு நர்ஸ் டோக்கன் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவர் காதில் விழவில்லை. வேறு யாரும் இல்லை. இதைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு ஊரில் ஏழெட்டுப் பேர் தாங்களும் அங்கே இருந்ததைப் போலவே பேசினார்கள்.

டத்துக் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். கறுப்புத் தொப்பி நேராக இருந்தது. சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்டரைக் கேள்வி கேட்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

எட்டு நாளைக்கு முன் நடந்தது இது. நட்டநடு வெயிலில் அவர் தம் மனைவி வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தார். வித்தா வந்து கையைப் பிடித்துத் தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மனைவி வீடு என்று சொன்னோம். இனி அப்படிச் சொல்வதும் சரியில்லை. ரோஸ்மானிதார் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. எங்களிடையே வீடு பெண்வழிச் சொத்து. மனைவி போனபின் அந்த வீட்டில் கணவனுக்கு இடமில்லை. மகள் இருந்தால் அவள் பேரில் தங்கலாம். டத்துக்குக்கு ஒரே மகன், ஹென்ரி, பாத்தாம் தீவில் கப்பல் பட்டறையில் வேலை. நூறாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும், யாரும் ஜாடையாகக்கூடச் சொல்வதற்கு முன், டத்துக் ஒரு பெட்டியோடு வெளியேறித் தங்கை வீட்டுக்கு வந்தார். நாற்பத்தோரு வருஷம் வாழ்ந்த வீடு. வாசலில் நின்று திரும்பிப் பார்க்கவில்லை என்று ஊரே மெச்சியது.

"பாக் ஜுல்பாஹ்ரி, சௌகரியமா உட்கார்ந்திருக்கீங்களா?" என்றார் டாக்டர் உல்ஃபா, அட்டையைப் பார்த்து. 'பாக்' என்றால் ஐயா.

வித்தா சட்டென்று தரையைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் எருமை வெட்டி, ஊர் கூட்டிப் பட்டம் சூட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரைக் குலத்தில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. அதன்பிறகு மாமனின் பிறவிப் பெயரை இன்னொருவர் உரக்கச் சொல்லி அவள் கேட்பது அதுவே முதல் தடவை.

"டத்துக் சினாரோ" என்றார் அவர்.

"மன்னிக்கணும் பாக் டத்துக். அட்டையில இப்படித்தான் இருக்கு."

"அட்டை அரசாங்கத்துக்கு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். முக்காடு ஒரு பக்கம் நழுவியிருந்தது. மேஜைமேல் பாதி தின்ற மரவள்ளி வறுவல் பொட்டலம் ஒன்று. டத்துக் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாடாங் பாஞ்சாங்ல நீங்க பார்த்த டாக்டர் ஓய்வுல போறப்ப எனக்குக் கடிதம் எழுதியிருக்கார். பத்து மாசமா அமிட்ரிப்டிலின் சாப்பிடுறீங்க. எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தலை."

"மாக்..." என்றாள் வித்தா மெதுவாக. தாய்மாமனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தீர்ந்து போச்சு" என்றார் டத்துக்.

"போன திங்கட்கிழமை வரைக்கும் அது பிரஷர் மாத்திரைன்னுதான் எங்க எல்லாருக்கும் தெரியும் டாக்டர்" என்றாள் வித்தா. "பெட்டிக்குள்ள ரெண்டு அட்டை அப்படியே முழுசா இருந்துது."

டத்துக் தங்கை மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"அம்மா. நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க. கல்யாணத்துக்கு நிக்கிற தங்கச்சி யுல்ஃபித்ரி. அப்புறம் மாக்."

"பாக் டத்துக்குக்கு எந்த ரூம்?"

எங்கள் வீடுகளில் அறைகள் பெண்களுக்கும் அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும்தான். ஆண்பிள்ளை சின்ன வயதில் தொழுகைக்கூடத்தில் படுப்பான், பெரியவனானதும் மனைவி வீட்டில். அதற்குப் பிறகு எங்கே என்று பழைய ஆட்கள் யோசித்து வைக்கவில்லை.

"முன் ஹால்" என்றாள் வித்தா. "விடியறதுக்குள்ள மெத்தையைச் சுருட்டி வெச்சுடுவாங்க. நாங்க எழுந்து பார்க்கிறப்ப ஹால் சுத்தமா இருக்கும், ராத்திரி யாருமே படுக்காத மாதிரி."

டத்துக் தொண்டையைச் செருமினார். பேச்சை மாற்றுவதற்கு அவருக்கு ஒரு வழி உண்டு.

"டாக்டருக்குத் தாய் வீடு எங்கே?"

"மானிஞ்ஜாவ் ஏரிப் பக்கம்."

"குலம்?"

இந்தக் கேள்வியில் எங்களுக்கு எவ்வளவோ இருக்கிறது. அந்தப் பெண் கோத்தோ என்று சொல்லியிருந்தால் முறைப்படி அவளும் அவருக்குத் தங்கை மகள் ஆகிவிடுவாள். தலைவன் தங்கை மக்களுக்கு வழி சொல்பவன். அவர்கள் முன்னால் கண் கலங்குவது அவனுக்குக் கௌரவம் இல்லை. பிரஷரை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் அவர் வந்திருந்தார்.

"பிலியாங்" என்றார் டாக்டர்.

ரோஸ்மானிதாரின் குலம். ஹென்ரியின் குலம். முறை பார்த்தால் இவள் மகள்.

டத்துக் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "வித்தா, வெளியே போய் உட்காரு" என்றார்.

"வீட்டாள் ஒருத்தர் கூட இருக்கணும்னு டாக்டர்தானே மாக்..."

"நீ என் தங்கை மகள். வெளியே உட்காரு."

அவள் எழுந்து போனாள். இடது பக்கத்து நாற்காலி காலியாயிற்று.

"அந்த மாத்திரை நாக்கை உலர்த்திடும்மா" என்றார் டத்துக். எப்போது 'அம்மா' என்று மாறினார் என்பதை அவரே கவனிக்கவில்லை. "உள்ள அட்டை ஒட்டின மாதிரி ஆயிடும். நீயும் நம்ம ஆளுதான். கல்யாணப் பேச்சுன்னா என்னன்னு உனக்குத் தெரியும்."

தெரியாமல் எப்படி இருக்கும்? மாப்பிள்ளையை அவன் தாய் வீட்டிலிருந்து அழைத்துவரப் பெண் வீட்டார் போகும்போது இரு பக்கத்துத் தலைவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து அலங்காரச் சொல்லில் பேச வேண்டும். சோற்றில் கை வைக்கக்கூட அந்தச் சொல்லில்தான் அனுமதி கேட்க வேண்டும், அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம்கூடப் போகும். சுற்றுவட்டாரத்தில் டத்துக் சினாரோவுக்கு எதிரில் உட்காரப் பயந்தவர்கள் உண்டு.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு வீட்டுல பேசிக்கிட்டு இருக்கேன். நடுவுல நாக்கு மேலே ஒட்டிக்கிச்சு. எதிர்ப் பக்கத்து டத்துக் தண்ணி கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். நகர்த்திட்டுச் சிரிச்சான்."

"அப்புறம் நிறுத்திட்டீங்க."

"உடனே இல்லை. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி யுல்ஃபித்ரிக்கு நிச்சயதார்த்தம் வந்துது. அதுக்குப் பத்து நாள் முன்னாடி விட்டேன். நல்லாப் பேசினேன். எதிர்ப் பக்கத்துக்காரங்க எழுந்து வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"சந்தோஷமா இருந்துதா?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"வீட்டுக்கு வந்து மெத்தையை விரிச்சேன். ரோஸ் இருந்தா சமையல்கட்டு ஓரமா உட்கார்ந்து முழுசும் கேட்டிருப்பா. எந்த இடத்துல அடி மாத்திப் போட்டேன்னு வந்து சொல்லுவா. எல்லாரும் நல்லாயிருக்குன்னாங்க. தப்பு சொல்றதுக்கு ஆள் இல்லை."

மரவள்ளி வறுவலை டாக்டர் இழுப்பறைக்குள் தள்ளி வைத்தார்.

"அதுக்கப்புறம்?"

"சாப்பாடு இறங்கலை. காலையில எழுந்து மெத்தையைச் சுருட்டினா அன்னைக்கு வேலை முடிஞ்சது. தங்கச்சி வயித்துப் புண்ணுன்னா. சரின்னேன்."

"போன திங்கட்கிழமை அந்த முற்றத்துல உட்கார்ந்திருந்தப்ப, உயிரை விட்டுடணும்னு தோணிச்சா?"

இப்படி நேராக யாரும் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கேட்டது மகள் முறை. அவர் பொய் சொல்லவில்லை.

"விட்டுடணும்னு இல்லை. எழுந்திருக்காமலே இருந்துட்டா நல்லதுன்னு தோணிச்சு. கிணறு பக்கத்துலதான் இருந்துது. அதையும் பார்த்தேன்."

"இப்ப?"

"இப்ப இல்லை. ஆனா வராதுன்னு சொல்ல முடியாது."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி பாக் டத்துக்." டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "அந்த எண்ணம் மறுபடி வந்தா, எந்த நேரமா இருந்தாலும் வித்தாவை எழுப்பணும். இந்த நம்பருக்குப் போன் போடணும். இதுல வழக்கம் பார்க்கக் கூடாது. இனி மருந்தைப் பத்திப் பேசுவோம். மூணு வழி இருக்கு."

டத்துக் தலையசைத்தார். வாதம் தொடங்குகிறது என்றால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

"ஒண்ணு, பழைய மாத்திரையையே மறுபடி தொடங்குறது. அது உங்களுக்குக் கேட்டுது. ஆனா இந்த வயசுல அது எனக்குப் பிடிக்கலை. நாக்கு மட்டும் இல்லை. எழுந்திருக்கிறப்ப தலை சுத்தும், சிறுநீர் கட்டும், இதயத் துடிப்பைக் கலைக்கும். கீழே விழுந்து இடுப்பு உடைஞ்சா பேச்சே இல்லை."

"தள்ளு. அடுத்தது?"

"மிர்டாசபின். படுக்கப் போறப்ப ஒண்ணு. தூக்கம் வரும், பசி எடுக்கும். உடம்பு கொஞ்சம் போடும். காலையில மந்தமா இருக்கலாம். நாக்கு உலர்றது இதுலயும் உண்டு, பழைய அளவுக்கு இல்லை."

"பஞ்சாயத்துல தூங்கி வழியற தலைவன்" என்றார் டத்துக். "ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவது வேண்டாம்."

இந்தத் தடவை டாக்டர் சிரித்தேவிட்டார். டத்துக்கின் முகத்திலும் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது.

"மூணாவது செர்ட்ரலின். காலையில ஒண்ணு. நாக்கை அவ்வளவா உலர்த்தாது. ஆனா முதல் பத்துப் பதினஞ்சு நாள் வயித்தைப் புரட்டும். கை கால் படபடப்பா இருக்கலாம். அதனால பாதி மாத்திரையில தொடங்குவோம். வயசானவங்களுக்கு ரத்தத்துல உப்பு குறையலாம், ரெண்டு வாரத்துல ரத்தம் பார்க்கணும். பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம், சில பேருக்கு இன்னும்கூட ஆகும். மாத்திரையோட கூட வாரம் ஒரு தரம் வந்து என்கிட்ட பேசவும் பேசணும்."

"கல்யாணம் பன்னெண்டு நாள்ல."

"தெரியும். வித்தா போன்ல சொன்னாங்க."

"கல்யாணம் முடிஞ்சு தொடங்கினா?"

"கிணத்தைப் பார்த்தேன்னு இப்பத்தானே சொன்னீங்க? பன்னெண்டு நாள் மருந்தே இல்லாம உங்களை அனுப்ப எனக்கு மனசு ஒப்பலை. அந்தப் பன்னெண்டு நாளைக்குள்ள உங்க குரல் எப்படி இருக்கும்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்லுங்கள் என்றால் எங்கள் சபையில் ஒரு முறை இருக்கிறது. எதிர்ப் பக்கம் ஒன்று கேட்டால் தலைவன் உடனே பதில் சொல்லக் கூடாது. "எங்கள் ஆட்களைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று கூறி, தன் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் திரும்பி, அவர் கருத்தைக் கேட்டு, அவருக்கு அடுத்தவரைக் கேட்டு, சுற்றி வந்தபின்தான் பதில். தன் ஆட்களைக் கேட்காமல் பேசுகிறவன் தலைவன் இல்லை.

பத்தொன்பது வருஷப் பழக்கம். டத்துக் இடப்பக்கம் திரும்பினார்.

காலி நாற்காலி. வித்தாவின் கைப்பை அதன்மேல் கிடந்தது.

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டத்துக் அந்த நாற்காலியைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தார். குலத்தில் எண்பது தலைகள். நிலத் தகராறா, விவாகரத்தா, எதற்கும் அவரிடம் வருவார்கள். அவருடைய சொந்தக் காரியம் ஒன்றைச் சபையில் வைத்துப் பழக்கமே இல்லை. வைப்பதற்குச் சபையும் இல்லை.

"வித்தாவைக் கூப்பிடும்மா" என்றார் கடைசியில். "பதில் சொல்றதுக்கு முன்னாடி கேட்க ஆள் வேணும்."

வித்தா உள்ளே வந்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. கதவு அவ்வளவு மெல்லியதா என்று டத்துக் ஒரு கணம் சந்தேகப்பட்டார். இல்லை, கதவு கனமான கதவுதான்.

"செர்ட்ரலின்னு ஒண்ணு. காலையில சாப்பிடணும். முதல் ரெண்டு வாரம் வயித்தைப் புரட்டும்" என்றார் அவளிடம், சபையில் கேட்கிற அதே குரலில். "உன் கருத்து என்ன?"

வித்தாவுக்கு முப்பத்துநான்கு வயது. மாமன் அவளிடம் கருத்துக் கேட்டது அதுவே முதல் தடவை. திகைத்துப்போய் டாக்டரைப் பார்த்தாள், பிறகு மாமனைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்க மாக். வயித்தைப் புரட்டினா நான் கஞ்சி வெச்சுத் தர்றேன். மாத்திரை என்கிட்ட இருக்கட்டும். தினமும் காலையில நான் எடுத்துத் தர்றேன்."

"உனக்குப் பள்ளிக்கூடம்."

"ஏழு மணிக்குத்தான் கிளம்புறேன். நீங்க அஞ்சுக்கே மெத்தையைச் சுருட்டிடுறீங்க."

டத்துக் டாக்டர் பக்கம் திரும்பினார். "எங்கள் பக்கம் சம்மதம்" என்றார். பிறகு, "கல்யாணத்துல நான் பேசத்தான் போறேன். அதையும் எழுதிக்கோ" என்றார்.

டாக்டர் அதை எழுதவில்லை. "பேசுங்க. ஆனா பேச்சுக்காக மாத்திரையை விடாதீங்க."

"விட மாட்டேன்."

பாடாங் பாஞ்சாங் டாக்டரிடமும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்.

தவறு நடந்தது கீழே, மருந்து கொடுக்கும் ஜன்னலில்.

டத்துக் வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வித்தா வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "நோயாளி பேர் சொல்லுங்கக்கா" என்றாள்.

வித்தா வாயைத் திறந்தாள், மூடினாள். ஜுல்பாஹ்ரி என்று சொன்னால் வேலை முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் மாமனின் பிறவிப் பெயரை, அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, தங்கை மகள் எப்படிச் சொல்லுவாள்? வளர்ப்பு அப்படி. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

"டத்துக் சினாரோ" என்றாள்.

"அப்படி ஒரு பேர் இல்லையேக்கா."

"இருக்கும், பாருங்க. கோத்தோ குலம்."

"குலம் எல்லாம் கம்ப்யூட்டர்ல வராதுக்கா." பின்னால் இருந்த ஆளிடம் அந்தப் பெண் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "அண்ணே, டத்துக் சினாரோன்னு மனநலப் பிரிவுல இருந்து சீட்டு ஏதும் வந்துதா? மனநலம்! டத்துக் சினாரோ!"

பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மூன்றாவது வரிசையில், சர்க்கரை மாத்திரைக்காகக் காத்திருந்த கருவாட்டுக்கார எத்தெக் ஜானிஸும் நிமிர்ந்தாள். எங்கள் ஊர்ச் சந்தையில் காலை எட்டு மணிக்கு அவள் சொன்னது பத்து மணிக்கு மலை மேல் வரைக்கும் போகும்.

"அட, டத்துக்!" என்றாள் அவள், பெஞ்சைப் பார்த்து. "நீங்களா?"

டத்துக் எழுந்து நின்று, தொப்பியைத் தொட்டு, சலாம் சொன்னார். வேறு என்ன செய்வது? பிறகு வேன் வரும்வரை வெளியே வெயிலில் நின்றார்.

வேன் பாதி வழி வந்திருந்தது.

"அட்டையைக் காட்டியிருக்கலாம்" என்றார் டத்துக்.

"காட்டியிருக்கலாம் மாக்" என்றாள் வித்தா. "அப்ப தோணலை." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. தங்கை யுஸ்மானியார் பலாக்காய்க் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டுக் கையில் போனோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணனை அவள் 'உடா' என்றுதான் கூப்பிடுவாள்.

"உடா, என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க? எத்தெக் ஜானிஸ் எட்டுப் பேருக்குச் சொல்லிட்டா. உங்களைக் கட்டிப் போட்டு ஊசி குத்தினாங்களாம்!"

"யார் கட்டினது? வித்தாவா?"

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு? மாப்பிள்ளையோட தாய்மாமன் போன் பண்ணிட்டார். வியாழக்கிழமை வர்றாங்களாம்."

"எதுக்காம்?"

"எதுக்குன்னு சொல்லலை. அதான் எனக்குப் பயமா இருக்கு." அவள் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "இங்க பாருங்க உடா. எல்லாத்துக்கும் ஒரே பதில். வயித்துப் புண்ணு, தப்பான சீட்டைக் கொடுத்துட்டாங்க. முடிஞ்சது. அந்த மாத்திரையைக் கல்யாணம் முடியற வரைக்கும் பெட்டியில வெச்சுடுங்க. தலை சுத்திச்சு, வாந்தி வந்துதுன்னு சபையில ஒரு அசிங்கம் வேண்டாம். நீங்க எழுந்து நல்லாப் பேசிட்டீங்கன்னா யார் வாயும் திறக்காது. பன்னெண்டு நாள்தானே?"

"அம்மா!" என்றாள் வித்தா.

"நீ சும்மா இரு. ஜன்னல்ல நின்னு ஊருக்கே கூவினது நீதானே?"

தங்கை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. குடும்பத்தின் பேரைக் காக்கும் யாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். டத்துக்கைத் திகைக்க வைத்தது வேறு. வேனில் வரும்போது, வித்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மனசுக்குள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்ததும் ஏறத்தாழ இதே வார்த்தைகள்தான். பன்னிரண்டு நாள்தானே. போன தடவையும் பத்து நாள்தானே என்றுதான் சொல்லிக்கொண்டார்.

கல்யாணப் பேச்சு தம்மிடம் இருக்கும்வரை மாத்திரையை விடுவார். அது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. சத்தியம் செய்தாலும் விடுவார். அவ்வளவு பெருமை அவருக்கு அதில். ரோஸ் போனபின் அவரிடம் மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

"எங்க போறீங்க உடா? சாப்பிட்டுட்டுப் போங்க!"

"காப்பிக் கடைக்கு."

"ஐயோ, இப்பவா?"

பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரம். கடையில் டோமினோக் கட்டைகளின் சத்தம் தெருவரை கேட்டது. டத்துக் படியேறியதும் நின்றுபோயிற்று. இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மூலையில் சியாஃப்னிர்: இன்னொரு தங்கையின் மகன், பட்டத்தில் அவருக்கு அடுத்த துணைத் தலைவன், நாற்பத்தொரு வயது, கைபேசி உறை விற்பவன். சபைப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் படித்தவன் என்று டத்துக்குக்கு அவன்மேல் எப்போதும் ஓர் இளக்காரம்.

யாரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். டத்துக் உட்கார்ந்தார்.

"டவுனுக்குப் போயிருந்தீங்களாமே டத்துக்" என்றார் கடைக்காரர், காப்பியை வைத்தபடி. கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, கேட்கவும் பயம்.

"போயிருந்தேன்."

"வயித்துக்கா?"

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். எல்லாரும் நிம்மதியாகத் தலையசைத்திருப்பார்கள்.

"வயித்துக்கு இல்லை. மனசுக்கு. என் வீட்டுக்காரி போனதுல இருந்து எனக்கு மனச்சோர்வு. வியாதிதான் அது. மருந்து கொடுத்திருக்காங்க. யாரும் கட்டிப் போடலை."

ஒருவர் இருமினார். ஒருவர் டோமினோக் கட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மூன்று வருஷத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்த தச்சர் மட்டும் டத்துக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப் போனவர் போலிருந்தது. கேட்கவில்லை.

"சியாஃப்னிர்."

"மாக்?"

"கல்யாணத்துல நீ பேசு."

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "நானா? மாக், எனக்கு நடுவுல மறந்துடும்."

"மறந்தா சோறு ஆறும். ஆறின சோத்தைத் தின்னுட்டு வருவோம்."

யாரோ சிரித்தார்கள். சியாஃப்னிர் சிரிக்கவில்லை.

"நீங்க?"

"உன் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். நீ திரும்பிக் கேட்டா, கருத்துச் சொல்லுவேன்."

காப்பியைப் பாதி குடித்துவிட்டு அவர் எழுந்தார். வயல் வரப்பில் தனியாக நடந்து வந்தார். வழியெல்லாம் கல்யாணப் பேச்சின் முதல் அடிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு சொல்லும் மறக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட வாத்துகள் விலகிப் போயின.

டத்துக் சினாரோ கோத்தோ குலத்தின் பட்டத்தைக் கழற்றிக் காப்பிக் கடையில் வைத்தே சியாஃப்னிரிடம் கொடுத்துவிட்டார் என்று அன்று பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பேச்சு. அது பொய். கொடுத்தது அந்த ஒரு நாள் பேச்சை மட்டுமே. பட்டம் அவரிடம்தான் இருக்கிறது.